காற்றைக் குடித்த சுவர்கள்

மிலான் நகரின் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே தேவாலயத்தை ஒட்டி, தொமினிக்கன் துறவிகள் உணவருந்திய பழைய கூடம் ஒன்று இருக்கிறது. நீண்ட அறை. அதன் ஒரு கோடிச் சுவரில் லியனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’. வெகு நாள் முன்பே சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், கொடுக்கப்படும் 15 நிமிடத்தையும் அந்தச் சுவருக்கு முன்னாலேயே கழித்துவிடுகிறார்கள். எதிர்க்கோடிச் சுவரையும் ஒரு பெரிய ஓவியம் நிறைத்திருக்கிறது. ஜொவான்னி தொனாத்தோ தா மொந்தோர்ஃபானோ என்ற ஓவியர் 1495-இல் தீட்டிய சிலுவைப்பாட்டுக் காட்சி அது. அதன் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு.

திரும்பிப் பார்க்கிறவரை ஒரு கேள்வி விடாமல் பிடித்துக்கொள்ளும். லியனார்டோவின் சுவரில் முகங்கள் மங்கிக் கிடக்கின்றன. நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்து, பல நூற்றாண்டுப் பழுதுபார்ப்புக்குப் பிறகு எஞ்சியதைத்தான் காண்கிறோம். மொந்தோர்ஃபானோவின் சுவரிலோ குதிரைகளும் போர்வீரர்களும் பின்னணி நகரமும் தெளிவாக நிற்கின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் எழுந்தவை. ஒரே கூடத்தின் ஈரமும் குளிரும் இரண்டையும் தாக்கின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூரையும் பக்கச் சுவரும் சரிந்தபோதும் இரண்டும் ஒருங்கே தப்பின.

மொந்தோர்ஃபானோவின் ஓவியத்தைக் கீழ் ஓரங்களில் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மிலானை ஆண்ட லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவும் அவர் மனைவி மக்களும் மண்டியிட்டிருக்கும் உருவங்கள் அங்கே பின்னர் சேர்க்கப்பட்டன. அவை லியனார்டோவின் கைவண்ணம் என்று கருதப்படுபவை. சுற்றிலும் உள்ளதெல்லாம் நன்றாக இருக்க, அந்த உருவங்கள் மட்டும் நிழலாகிவிட்டன.

கலைத்திறனில் மொந்தோர்ஃபானோவை லியனார்டோவுக்குச் சமமாக யாரும் சொல்ல மாட்டார்கள். வேறுபாடு சுவருக்குள் நடந்த வேதியியலில் இருக்கிறது. ஒருவர் சுண்ணாம்பின் போக்குக்கு இசைந்து வேலை செய்தார்; மற்றவர் இசையவில்லை. இத்தாலியின் பழைய தேவாலயங்களில் ஏறி இறங்கிப் பார்த்துவருகையில், ஓவியர்களின் பெயர்களைவிட இந்தச் சுண்ணாம்பே என்னை அதிகமாக ஈர்த்துக்கொண்டது.

கல்லாகத் திரும்பும் சுண்ணாம்பு

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் இட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால், அதற்குள் கட்டுண்டிருந்த கரியமில வாயு பிரிந்து வெளியேறிவிடும். 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைக் குழியில் போட்டு, மேலே தண்ணீர் நிற்கும்படி விட்டு, மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். ஊற ஊற அதன் படிகங்கள் நுண்ணியவையாகிக் குழம்பு வழவழப்பாகும். மூன்று ஆண்டுக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பைக் கட்டட வேலைக்கு எடுக்கக் கூடாது என்று ரோமானியரிடம் ஒரு பழைய விதி இருந்ததாகப் பிளினி குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தக் குழம்பைச் சுவரில் பூசியதும் அது தான் இழந்ததைத் திரும்பத் தேடத் தொடங்குகிறது. வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பியைத் திறந்து போட்டுவிட்டால் ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அங்கே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக, மாறுகிறது. காளவாயில் போன 44 கிலோவும் மெல்ல மெல்ல வந்து சேருகிறது.

ஈரச்சுவர் ஓவியர் இந்த மாற்றத்துக்கு நடுவே புகுந்து வேலை செய்கிறார். ஃப்ரெஸ்கோ என்று உலகமெங்கும் அறியப்படும் முறை இது. நிறப்பொடியை வெறும் தண்ணீரில் குழைக்கிறார். பசையோ பிசினோ எண்ணெயோ சேர்ப்பதில்லை. ஈரம் உலராத பூச்சின் மேல் தூரிகையை வைத்ததும், நிறத்தின் நுண்துகள்கள் பூச்சின் மேற்பரப்பில் இறங்கி அமர்கின்றன. பூச்சிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது கரைந்த சுண்ணாம்பையும் மேலே கொண்டுவருகிறது. அங்கே அது காற்றைச் சந்தித்து, நிறத்துகள்களைச் சுற்றிலும் நுண்ணிய கால்சைட் படிகங்களாக வளர்கிறது. சில வாரங்களில் ஒவ்வொரு துகளும் ஒளி ஊடுருவும் மெல்லிய கற்படலத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அதற்கப்புறம் ஈரத்துணியால் துடைத்தாலும் நிறம் கையோடு வராது. ஓவியம் சுவரின் மேல் இல்லை, சுவரே ஓவியமாகியிருக்கிறது.

இதிலிருந்து பிறக்கும் ஓர் உண்மை என்னை மலைக்க வைக்கிறது. பழைய கட்டடங்களின் காலத்தைக் கணிக்க, ஆய்வாளர்கள் சுண்ணாம்புக் காரையிலிருந்து சிறு துண்டு எடுத்து அதிலுள்ள கார்பன்-14 அளவைப் பார்ப்பதுண்டு. காரை இறுகிய காலத்தில் காற்றில் இருந்த கார்பன்தான் அதற்குள் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அந்தக் கணிப்புக்கு அடிப்படை. அப்படியென்றால், 1305-இல் உலர்ந்த ஒரு சுவரோவியம் அந்த ஊரின், அந்தப் பருவத்தின் காற்றைத் தனக்குள் கல்லாக வைத்திருக்கிறது. சாரத்தின் மேல் நின்று வேலை செய்தவர்களின் மூச்சுக்காற்றும் அதில் கலந்திருக்கும்.

ஒரு பகல் ஒரு துண்டு

சுண்ணாம்பு யாருக்காகவும் காத்திராது. பூச்சு போட்டதிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம், வெயிலையும் குளிரையும் பொறுத்து அதற்குக் கூடவோ குறையவோ, அவ்வளவுதான் அவகாசம். பிறகு மேற்பரப்பு இறுகிவிடும், நிறத்தை ஏற்காது. எனவே ஒரு பெரிய சுவரை மொத்தமாகப் பூசுவதில்லை.

1400-ஐ ஒட்டிய காலத்தில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் எழுதிய கைநூல் இந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறது. இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. முதலில் சொரசொரப்பான கனத்த பூச்சு. அது உலர்ந்ததும் அதன் மேல் சிவப்புக் காவியால் முழு ஓவியத்துக்கும் கோட்டுருவம். பிறகு, அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அந்த இடத்தில் மட்டும், சில மில்லிமீட்டர் கனத்தில் நைசான மேற்பூச்சு. அந்தப் பூச்சு கீழே இருக்கும் கோட்டுருவத்தை மறைத்துவிடும்; ஓவியர் அதைப் பக்கத்துப் பகுதியோடு பொருத்தி நினைவிலிருந்து மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் வண்ணம் தீட்டாமல் மிஞ்சிய பூச்சைக் கரண்டியால் சாய்வாகச் சீவி எடுத்துவிடுவார்கள். மறுநாள் அந்த விளிம்பிலிருந்து அடுத்த துண்டு.

இத்தாலியக் கைவினைஞர்கள் ஜோர்னாதா என்று சொல்லும் இந்த ஒரு நாள் துண்டுகளை இன்றும் கண்ணால் பார்க்கலாம். ஓவியத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு போகிற கோணத்தில் பார்த்தால் மெல்லிய தழும்புக் கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் ஒரு தோளின் விளிம்பையோ ஒரு மலையின் சரிவையோ ஒட்டி ஓடும், ஒட்டுப்போட்டது வெளியே தெரியாமலிருக்க. புதிய துண்டின் விளிம்பு பழையதன் மேல் சிறிது ஏறியிருக்கும். அதைக் கொண்டு எது முதல் நாள், எது மறுநாள் என்று வரிசைப்படுத்தலாம். ஒரு வானத்தை ஒரே பகலில் பல அடி பரப்புக்கு இழுத்திருப்பார்கள். ஒரே ஒரு முகத்துக்கு ஒரு பகல் முழுவதையும் கொடுத்திருப்பார்கள். ஓவியர் எங்கே விரைந்தார், எங்கே நின்று நிதானித்தார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

ஃபுளோரன்ஸ் நகரில் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தின் பிரங்காச்சி சிற்றாலயத்தில், ஏதேன் தோட்டத்திலிருந்து ஆதாமும் ஏவாளும் துரத்தப்படும் காட்சியை 1420-களில் மசாச்சோ தீட்டினார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் ஆதாம், வாய்விட்டுக் கதறும் ஏவாள். துண்டுகளை எண்ணிப் பார்த்தவர்கள் அந்தக் காட்சி நான்கே நாளில் முடிந்தது என்கிறார்கள். அத்தனை துயரத்தையும் திருத்தம் செய்ய வழியில்லாத ஈரப் பூச்சில், ஆளுக்கொரு பகலில் கொண்டுவந்திருக்கிறார் இருபதுகளில் இருந்த அந்த இளைஞர்.

அதே ஓவியத்துக்கு 1680-ஐ ஒட்டிய காலத்தில் ஆடையின்மையை மறைக்க இலைகள் வரைந்து சேர்த்தார்கள். 1980-களில் சுவரைச் சுத்தம் செய்தபோது அந்த இலைகளை அகற்ற முடிந்தது. அடியில் மசாச்சோவின் வேலை அப்படியே இருந்தது. காரணம் எளியது: இலைகள் உலர்ந்த சுவரின் மேல் ஒட்டியவை, ஆதாமும் ஏவாளும் சுவருக்குள் இருப்பவர்கள்.

பழக்கப்பட்ட கைகளுக்கும் சுண்ணாம்பு சில சமயம் பாடம் புகட்டியது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 1508-இல் மைக்கலாஞ்சலோ கூரை வேலையைத் தொடங்கியபோது, நோவா காலத்து வெள்ளக் காட்சியில் பூஞ்சை பூத்துவிட்டது. ரோமில் கிடைக்கும் சுண்ணாம்பு டிராவர்டைன் கல்லைச் சுட்டு எடுப்பது. அதோடு எரிமலைச் சாம்பல் மண்ணைச் சேர்ப்பார்கள். ஃபுளோரன்ஸ் ஆட்கள் பழகிய சுண்ணாம்பையும் மணலையும் போல அது சீக்கிரம் உலராது. தண்ணீரை அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள். கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சாங்கல்லோ காரணத்தை எடுத்துச் சொன்ன பிறகே வேலை சீராயிற்று. எப்பேர்ப்பட்ட மேதையானாலும் ஊர்ச் சுண்ணாம்பின் குணத்தை அதை அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டியிருந்தது.

சுண்ணாம்புக்கு ஒவ்வாத நிறங்கள்

ஈரச் சுண்ணாம்பு கடுங்காரம். விரலை அரித்துவிடும். அதைத் தாங்கும் நிறங்களை மட்டுமே இந்த முறையில் பயன்படுத்த முடியும். இரும்பு கலந்த மண்ணிலிருந்து வரும் சிவப்புக் காவி, மஞ்சள் காவி, பழுப்பு, பச்சை மண், கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும்: பல நாள் கழுவி, சிறு வில்லைகளாக்கி வெயிலில் உலர்த்தி அரைத்துக்கொள்வார்கள். இத்தாலியச் சுவரோவியங்களில் மண்ணின் நிறம் ஓங்கி நிற்பது ஓவியர்களின் ரசனையால் மட்டும் வந்ததன்று. காரத்தில் பிழைத்திருக்கும் நிறங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்தவை.

பெரிய சிக்கல் நீலம். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்த நீலம் மிக விலையுயர்ந்தது. செம்புத் தாதான அசுரைட் விலை குறைவு. ஆனால் ஈரச் சுண்ணாம்பில் நிறம் கெட்டுவிடும். அதனால் அசுரைட்டைச் சுவர் உலர்ந்த பிறகு பசையில் குழைத்துத்தான் தீட்ட வேண்டும். பசை மக்கினால் நிறம் உதிரும். பழைய சுவரோவியங்களில் கன்னி மரியாளின் முகமும் கைகளும் நேற்றுத் தீட்டியதுபோல இருக்க, அவள் போர்த்தியிருக்கும் நீல மேலாடை மட்டும் திட்டுத்திட்டாகக் கழன்று அடிநிறம் தெரிவதைப் பல இடங்களில் காணலாம். விண்ணரசி என்பதற்காக நீலத்தை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். நிலையாக நின்றது முகத்துக்கு இட்ட மலிவான மண்.

அசிசி நகரில் புனித பிரான்சிஸின் பேராலயத்தில் இதைவிடத் திகைப்பூட்டும் காட்சி ஒன்று உண்டு. மேற்கோயிலின் குறுக்குச் சிறகில் சிமாபுவே 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டிய சிலுவைப்பாட்டில், வெளிச்சம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக இருக்கிறது. முகங்களின் மேடுகளும் ஆடை மடிப்புகளின் பளபளப்பும் இருண்டு, புகைப்பட நெகடிவைப் பார்ப்பதுபோல இருக்கும். அவர் சுண்ணாம்பு வெள்ளைக்குப் பதில் ஈய வெள்ளையைப் பயன்படுத்தினார். சுவரில் அது காலப்போக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கரிய ஈய டை ஆக்சைடாக மாறிவிட்டது. அப்படியும் அந்த ஓவியத்தின் வேதனை குறையவில்லை. சிலுவைக்குக் கீழே கையைத் தூக்கி அலறும் உருவத்தின் முன்னால் கூட்டம் தானாக அமைதியாகிவிடுவதைக் கவனித்தேன்.

லியனார்டோவின் நிதானம்

மிலான் கூடத்தின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். லியனார்டோ வேலை செய்த விதத்தைச் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்த மத்தேயோ பந்தெல்லோ, பின்னாளில் கதாசிரியராகி அதை எழுதிவைத்தார். சில நாள் விடியலில் சாரத்தில் ஏறினால், சோறு தண்ணீரை மறந்து இருட்டும்வரை தீட்டுவாராம். பிறகு பல நாள் தூரிகையைத் தொடாமல், கைகட்டி நின்று ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். வேறொரு நாள் உச்சி வெயிலில் ஓடிவந்து ஓரிரு தீற்றல் வைத்துவிட்டுப் போய்விடுவாராம்.

எட்டு மணி நேரத்தில் முடி என்று சொல்லும் பூச்சில் இப்படிப்பட்டவர் எப்படி வேலை செய்வார்? நிறத்தின் மேல் நிறம் ஏற்றி, நிழலை மெல்ல மெல்ல ஒளியில் கரைத்து, வேண்டாததை அழித்துத் திருத்தி, மரப்பலகையில் தீட்டுவதுபோலச் சுவரில் தீட்ட விரும்பினார். ஆகவே உலர்ந்த சுவரில் ஈய வெள்ளையால் அடித்தளம் போட்டு, முட்டையும் எண்ணெயும் கலந்த வண்ணத்தை அதன் மேல் ஏற்றினார். நிறத்துக்கும் சுவருக்கும் இடையே கற்படலம் உருவாகவில்லை. வெறும் பசைதான் பிடிமானம். சுவரில் ஈரம் ஏறியதும் அந்தத் தோல் உரியத் தொடங்கியது. 1498 வாக்கில் முடிந்த ஓவியம் சிதையத் தொடங்கிவிட்டதை 1517-இலேயே ஒரு பயணி குறித்துவைத்தார். 1652-இல் கீழே இருந்த வாசலை உயர்த்த இயேசுவின் பாதங்களையே வெட்டியெடுத்தார்கள். 1978-இல் தொடங்கிய பினின் பிரம்பில்லா பார்சிலோனின் பழுதுபார்ப்பு, முந்திய கைகள் பூசியதையெல்லாம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நீக்கி 1999-இல் முடிந்தது.

சுண்ணாம்போடு ஒத்துப்போகாததை லியனார்டோவின் பிழை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு சீடர்களின் முகங்களிலும் ஒரே கணத்தில் ஓடும் திகைப்பை அவர் கண்டடைந்தது அந்த நிதானத்தில்தான். அந்த நிதானத்துக்கு அவர் கொடுத்த விலை ஓவியத்தின் ஆயுள்.

ஆக்கிய மூச்சே அழிக்கும்

நம் ஊர்களில் கோடி அற்புதர் என்று போற்றப்படும் புனித அந்தோணியாரின் பதுவை நகரில், ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயம் இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்துப் பெரும்பணம் சேர்த்த குடும்பத்தின் வாரிசு என்ரிக்கோ ஸ்க்ரொவெஞ்ஞி அதைக் கட்டினார். 1305 மார்ச் 25 அன்று அது அருட்பொழிவு பெற்றது. ஏறத்தாழ 21 மீட்டர் நீளம், எட்டரை மீட்டர் அகலம். அதன் சுவர்கள் முழுவதையும் ஜோட்டோ நிறைத்தார். ஆராய்ந்தவர்கள் அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட ஒரு நாள் துண்டுகளை எண்ணியிருக்கிறார்கள். ஞானியர் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியில் கூரைக்கு மேலே வாலுடன் பாய்கிறது ஒரு வால்நட்சத்திரம். 1301-இல் வானில் தோன்றிய ஹாலி வால்நட்சத்திரத்தின் சாயல் என்று கருதுகிறார்கள். 1986-இல் ஹாலியின் அருகே பறந்த ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜோட்டோவின் பெயரை வைத்ததற்கு அதுதான் காரணம்.

உள்ளே நேராகப் போய்விட முடியாது. 25 பேர் கொண்ட குழுவாக, கண்ணாடிச் சுவருள்ள ஓர் அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். வெளியிலிருந்து நாம் உடம்போடும் துணியோடும் கொண்டுவந்த தூசியும் ஈரமும் அங்கே அடங்க வேண்டும். பிறகுதான் உள்கதவு திறக்கும். உள்ளே இருக்க இன்னொரு கால் மணி நேரம்.

இத்தனை காவல் யாரிடமிருந்து? நம் மூச்சிடமிருந்துதான். நாம் வெளிவிடும் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குக் கரியமில வாயு இருக்கிறது. வெளிக்காற்றில் உள்ளதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. கூடவே நீராவி. குளிர்ந்த சுவரில் நீராவி பனித்தால், அந்தத் துளிகளில் கரியமில வாயு கரைந்து மெல்லிய அமிலமாகும். அந்த அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து, நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாற்றும். நிறத்துகள்களைப் பிடித்திருக்கும் படிகச் சிறை இப்படிச் சிறிது சிறிதாக இளகுகிறது. 1305-இல் எந்த வாயு உள்ளே புகுந்து ஓவியத்தைக் கல்லாக்கியதோ அதே வாயு இன்று ஈரத்தோடு சேர்ந்து வந்தால் அந்தக் கல்லைக் கரைக்கும். அளவும் ஈரமும் மாறியதும் வினையின் திசையும் மாறிவிடுகிறது.

சுண்ணாம்பாலேயே வைத்தியம்

கரியும் எண்ணெயும் எரிந்த நகரங்களில் இன்னொரு கேடு வந்து சேர்ந்தது. புகையிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் அமிலமாகி, கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் பழைய கல்லைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளேயிருந்து அது புடைக்கப் புடைக்க, நிறப்படலம் வெண்மை பூத்து, கொப்பளித்து, மாவாக உதிரும்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி ஃபுளோரன்ஸ் நகரை மூழ்கடித்தது. சில இடங்களில் தண்ணீர் ஆறு மீட்டருக்கும் மேலே ஏறியது. வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயும் அதில் கலந்திருந்தது. தண்ணீர் வடிந்த பின் சுவர்கள் உறிஞ்சிய உப்புகள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிகமாகின. நூற்றுக்கணக்கான ஆண்டு நின்ற ஓவியங்கள் பொடியாகும் ஆபத்து. உலகெங்குமிருந்து வந்து குவிந்த இளைஞர்கள் சேற்றுக்குள் இறங்கிப் புத்தகங்களையும் படங்களையும் மீட்ட கதை பலருக்குத் தெரியும். அதன் பின்னர் சுவர்களைக் காப்பாற்ற ஒரு வேதியியலாளரும் ஓர் ஓவியப் பழுதுபார்ப்பாளரும் சேர்ந்து செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் என்சோ ஃபெர்ரோனியும் பழுதுபார்ப்பாளர் தீனோ தீனியும் வகுத்த முறை இரண்டு கட்டமானது. முதலில் அம்மோனியம் கார்பனேட் கரைசலில் ஊறிய காகிதக் கூழைச் சுவரில் பற்றுப்போடுகிறார்கள். அது ஜிப்சத்தைத் திரும்பக் கால்சியம் கார்பனேட்டாக்குகிறது. கந்தகப் பகுதி கரையும் உப்பாகப் பிரிகிறது. அடுத்து பேரியம் ஹைட்ராக்சைடு பற்று. அது மிஞ்சிய கந்தக உப்பைக் கரையாத பேரியம் சல்பேட்டாக மாற்றி அசையாமல் கட்டிப்போடுகிறது. அதோடு சுவருக்குள்ளேயே சிறிதளவு புதிய சுண்ணாம்பையும் உண்டாக்குகிறது. அந்தச் சுண்ணாம்பு, தன் வழக்கப்படி, காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகிறது. உதிரவிருந்த நிறத்தைப் பசை போட்டு ஒட்டாமல், ஓவியம் பிறந்த அதே வினையை இன்னொரு முறை நடக்கவிட்டார்கள். சான் மார்க்கோ மடத்தில் ஃப்ரா ஆஞ்சலிக்கோ 1440-களின் தொடக்கத்தில் தீட்டிய பெரிய சிலுவைப்பாடு இந்த வைத்தியத்தால் பிழைத்தது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில், சுண்ணாம்பை நானோ அளவுக்கு நுண்ணிய துகள்களாக்கி ஆல்கஹாலில் மிதக்கவிட்டுச் சுவருக்குள் செலுத்தும் முறையும் வந்தது. மெக்சிகோவில் மாயா மக்களின் சுவரோவியங்களுக்கும் அது உதவியிருக்கிறது.

பசையை நம்பியதன் விளைவைப் பிசா நகரில் காணலாம். சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காம்போசாந்தோ கல்லறை மண்டபத்தில் 1944 ஜூலை 27 அன்று பீரங்கிக் குண்டு விழுந்து தீப்பிடித்தது. கூரையின் ஈயத் தகடுகள் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தன. எஞ்சியதைக் காப்பாற்ற, ஓவியப் படலத்தை விலங்குப் பசையும் துணியும் கொண்டு சுவரிலிருந்து உரித்தெடுத்தார்கள். அப்போதுதான் அடியில் மறைந்திருந்த சிவப்புக் காவிக் கோட்டுருவங்கள் வெளிப்பட்டன. அவற்றுக்கென்றே இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் உரிக்கப் பயன்பட்ட பசை காலப்போக்கில் கெட்டித்து, எந்தக் கரைப்பானுக்கும் அசையாமல் ஓவியத்தை இறுக்கியது. கடைசியில் அதைத் தின்னும் பாக்டீரியாவைப் பஞ்சில் ஊறவைத்துச் சுவரோவியத்தின் மேல் பரப்பினார்கள். பல பத்தாண்டுச் சிக்கலை சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்ற நுண்ணுயிர் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது.

சான் மார்க்கோவின் சுவரை மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். அதில் இப்போது இரண்டு காலத்துக் காற்று இருக்கிறது. ஆஞ்சலிக்கோ தீட்டியபோது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு கொண்டிருந்த காற்று ஒன்று. வெள்ளத்துக்குப் பிறகு ஆலைகளும் கார்களும் கலந்துவிட்ட காற்று மற்றொன்று. சேதத்தை உண்டாக்கிய அதே நூற்றாண்டின் காற்றைக் கொண்டே சேதத்தை ஆற்றவும் முடிந்தது.

இத்தாலிக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு சுவரோவியத்தின் கதையையும் ஓவியர் பெயரையும் அறிந்துகொண்ட பிறகு, இரண்டு நிமிடமாவது பக்கவாட்டில் நின்று பாருங்கள். துண்டுகளின் தழும்புக் கோடுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு விடியலில் கொத்தனார் பூச்சுப் போட்டதையும், மாலையில் அதைச் சீவி எடுத்ததையும் காட்டுகிறது. ஓவியர்களின் பெயர் நமக்குத் தெரியும். கல்லைச் சுட்டவர், நீற்றியவர், குழியில் ஊறவிட்டுப் பொறுமை காத்தவர், ஈரப் பதம் பார்த்துப் பூசியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. எழுநூறு ஆண்டாக ஜோட்டோவின் நிறத்தைப் பிடித்துவைத்திருப்பது அவர்களுடைய கைப்பக்குவம்.